பத்து மணிக்கும் பதினொன்றரைக்கும் நடுவே

பால்வாடி டீச்சர் என்றதும் ஊரில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சோறு போட்டு அனுப்புகிற வேலைதானே என்பார்கள் சிலர். இத்தனை வாண்டுகளை எப்படித்தான் சமாளிக்கிறீங்களோ, எனக்கெல்லாம் அந்தப் பொறுமை கிடையாதும்மா என்பார்கள் வேறு சிலர். முதல் பேச்சில் இளக்காரம் இருக்கிறது, இரண்டாவதில் மரியாதை இருக்கிறது. ஆனால் இரு தரப்பாருமே இந்த வேலையின் ஏற்ற இறக்கத்தை டீச்சரின் குணத்தில் தேடுகிறார்கள். நல்ல டீச்சர் இருந்தால் நல்ல நாள், சிடுசிடுக்கிற டீச்சர் இருந்தால் கெட்ட நாள் என்பது அவர்கள் கணக்கு. பல பத்தாண்டுகள் இந்த வேலையிலேயே கிடந்தவர்களின் கணக்கு வேறு. அதே டீச்சர், அதே ஆயா, அதே இருபது பிள்ளைகள். திங்கட்கிழமை மையம் தேன்கூடு மாதிரி இருக்கும், செவ்வாய்க்கிழமை சந்தைக்கடை ஆகிவிடும். இடையில் மாறியது ஒன்றுதான்: காலை பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை டீச்சர் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தாரா, அவரை உட்கார விட்டார்களா என்பது. முன்பருவக் கல்வி என்று அரசாணைகளில் எழுதப்படுவதெல்லாம் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள்தான் நடக்கிறது, அல்லது நடக்காமல் போகிறது. அந்த நேரத்துக்கென்று தனியாக ஓர் ஆளை அரசு நியமிக்க வேண்டும், வேறு எந்த வேலைக்காகவும் அவரைப் பாயிலிருந்து எழுப்பக் கூடாது என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

ஏன் குறிப்பாக அந்த நேரம் என்று கேட்கலாம். மூன்று வயதுப் பிள்ளையின் நாளுக்கு ஒரு வடிவம் உண்டு. ஒன்பது மணியிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். பாதிப் பேரை ஆயா வீடு வீடாகப் போய்க் கைபிடித்துக் கூட்டி வருவார். வந்ததும் சில பிள்ளைகள் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கும், சில அழும், சில நேராக விளையாட்டுச் சாமான் பெட்டிக்குப் போகும். பத்து மணிக்குத்தான் அழுகை அடங்கும். பதினொன்றரைக்கு அடுப்படியிலிருந்து தாளிக்கிற வாசனை வந்துவிட்டால் பிறகு எந்தக் கதையும் எடுபடாது. சாப்பிட்டுக் கை கழுவியதும் கண் சொருகும். தூங்கி எழுந்த பிள்ளைக்கு அம்மா நினைப்புத்தான். ஆக, பசியும் இல்லாமல் தூக்கமும் இல்லாமல், வீட்டு ஏக்கமும் தணிந்து, எதிரில் இருப்பவரை ஒரு பிள்ளை முழுக் கண்ணோடு பார்க்கிற நேரம் ஒரு நாளில் அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் காலையில் விட்ட கணக்குப் பாடத்தை மதியம் எடுத்துவிடலாம். பால்வாடியில் காலையில் விட்டது அன்றைக்கு விட்டதுதான்.

அந்த நேரத்தில் நடப்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விளையாட்டாகத் தெரியும்; அது விளையாட்டும்தான். வட்டமாக உட்கார்ந்து, காலையில் என்ன சாப்பிட்டோம் என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்லும். ‘இட்லி’ என்று ஒரு சொல்லோடு நிறுத்திய பிள்ளை சில மாதங்களில், அம்மா இட்லி வச்சாங்க, தம்பி தட்டைத் தள்ளிவிட்டுட்டான், அம்மா அடிச்சாங்க என்று நடந்ததை நடந்த வரிசையில் சொல்லத் தொடங்கும். பின்னாளில் முதல் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது, படித்ததன் பொருள் அந்தப் பிள்ளைக்குப் பிடிபடுவது இந்தப் பேச்சின் பலத்தில்தான். பாட்டில் மூடிகளை நிறம் பிரித்து அடுக்குவது, களிமண்ணை உருட்டிப் பாம்பு செய்வது, பெரிய மணிகளை நூலில் கோர்ப்பது, புளியங்கொட்டையைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் எடுத்துக் கிண்ணத்தில் போடுவது எல்லாம் பென்சில் பிடிக்கப் போகிற விரல்களுக்கான வேலை. புளியங்கொட்டையை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்கிற வயது அது. ஒரு பெரியவர் அங்கேயே கண் வைத்திருக்க வேண்டும். அதனால் டீச்சர் எழுந்து எழுந்து போக வேண்டிய நாட்களில் அந்த டப்பாவைத் திறப்பதே இல்லை. மூடியே கிடக்கும் அந்த டப்பாவில் இந்தக் கட்டுரையின் வாதம் பாதி இருக்கிறது.

என்ன சொல்லித்தர வேண்டும் என்று தெரியாமல் நாம் தவிக்கவில்லை. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பெயரில் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென்றே பாடத்திட்டம் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தலைப்பு வைத்துக்கொண்டு, பாட்டும் கதையும் கைவேலையும் அதைச் சுற்றியே வருகிறபடி நன்றாகவே அமைத்திருக்கிறார்கள். இன்னும் பின்னால் போனால், மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கை வேலை செய்யச் செய்யத்தான் குழந்தைக்கு அறிவு கூடும் என்ற பாடம் 80 ஆண்டுக்கும் மேலாக இந்த மண்ணில் இருக்கிறது. பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. பால்வாடிப் பிள்ளைக்கு அரைகுறையாகச் சேர்வதற்குக் காரணம், சொல்லித்தருகிற நேரத்தில் ஆள் இல்லாததுதான்.

கெட்ட நாள் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இரண்டரை வயதுப் பிள்ளை இன்னொன்றைக் கடித்துவிட்டால், கெட்ட பழக்கம், வீட்டில் வளர்த்த லட்சணம் என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்கு ‘எனக்குக் கொடு’ என்ற சொல் இன்னும் வாயில் வரவில்லை, பல் முந்திக்கொள்கிறது. பக்கத்தில் ஆள் இருந்தால், கை நீளும்போதே அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடலாம். சண்டை, தள்ளுமுள்ளு, அழுகை எல்லாம் பிள்ளைகள் சும்மா இருக்கிற இடைவெளிகளில்தான் கிளம்புகின்றன: கை கழுவ வரிசையில் நிற்கையில், ஒரு விளையாட்டு முடிந்து அடுத்தது தொடங்காமல் இழுபடுகையில், டீச்சர் ‘இதோ வந்துடறேன்’ என்று எழுந்து போய் வராமல் இருக்கையில். ஒரு பிள்ளை அழுதால் பக்கத்துப் பிள்ளைக்கு அது தொற்றும். டீச்சரின் குரல் உயரும், குரல் உயர்ந்ததும் இன்னும் நான்கு பிள்ளைகள் அழும். மாலையில் தொண்டை கட்டி, முழங்கால் கடுத்து, இன்றைக்கு ஒன்றுமே செய்யவில்லையே என்ற குற்ற உணர்வோடு வீட்டுக்குப் போகிற டீச்சரைப் பார்த்து, பொறுமை போதவில்லை என்று சொன்னால் அது நியாயமே இல்லை. புதுப் பிள்ளைகள் சேருகிற ஜூன், ஜூலை மாதங்களில் நிலைமை இன்னும் மோசம். புதுப் பிள்ளைக்கு முதல் வாரம் முழுக்க ஒரு மடி வேண்டும். ஒரு டீச்சருக்கு ஒரு மடிதான் இருக்கிறது.

அவரை எழுப்புகிற வேலைகள் எவை? அரிசி, பருப்பு, எண்ணெய், சத்துமாவு வந்து இறங்கும். எண்ணி எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். முட்டை வரும், உடைந்தது எத்தனை என்று பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சத்துமாவு வாங்க வருவார்கள். எடை பார்க்கிற நாள், உயரம் அளக்கிற நாள், கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசி போட வருகிற நாள் என்று மாதத்தில் சில நாட்கள் போகும். வட்டார அலுவலகத்தில் கூட்டம். போலியோ சொட்டு மருந்து. பல ஊர்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் அங்கன்வாடிப் பணியாளர் தலையில்தான். இவற்றில் எதையுமே வீண்வேலை என்று ஒதுக்க முடியாது என்பதுதான் சிக்கல். சத்துமாவு வாங்க வந்த நிறைமாதக் கர்ப்பிணியை, கதை முடியட்டும் என்று வெயிலில் நிற்க வைக்க எந்த டீச்சருக்கும் மனம் வராது. ஒவ்வொரு வேலையும் தனித்தனியாகப் பார்த்தால் பத்து நிமிடம்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து போகிறவரின் கதையை எந்தப் பிள்ளையும் கேட்காது.

இந்த நிலை யாருடைய கெட்ட எண்ணத்தாலும் வந்ததில்லை. வந்த வழி அப்படி. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் நாடு முழுவதும் 33 இடங்களில் சோதனையாகத் தொடங்கியபோதே ஆறு சேவைகளை ஒரே கூரையின் கீழ் வைத்தார்கள்: ஊட்டச்சத்து, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை, தாய்மாருக்கு நலக்கல்வி, முன்பருவக் கல்வி. தமிழ்நாட்டில் 1980இல் உலக வங்கி உதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கிராமத்துச் சின்னப் பிள்ளைகளும் அதற்குள் வந்தார்கள். விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்து வேலைக்கு எடுத்தார்கள். பிள்ளைகள் பசியால் சுருண்டு கிடந்த காலத்தில் சோற்றை முன்னால் வைத்தது முழுக்கச் சரி. அந்தச் சோறு இல்லாமல் போயிருந்தால் இன்று கல்வியைப் பற்றிப் பேசவே இடம் இருந்திருக்காது. பிறகு வாரம் 3 முட்டை வந்தது, பயறும் உருளைக்கிழங்கும் வந்தன, வெறும் சாதம் போய்க் கலவை சாதம் வந்தது. ஒவ்வொன்றும் வரும்போது அதற்கான கணக்கும் கூடவே வந்தது. கணக்கு எழுதுகிற கை மட்டும் பழைய அதே கைதான்.

கணக்கின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நோட்டுக் காலத்தில் 11 பதிவேடுகள் இருந்தன. அவற்றை எழுதுவது சுமைதான், ஆனால் பிள்ளைகள் தூங்குகிற மதியத்தில் எழுதலாம். நோட்டு காத்திருக்கும். 2018இல் போஷன் அபியான் என்ற ஒன்றிய அரசின் ஊட்டச்சத்து இயக்கம் வந்தபின் செல்போன் வந்தது. 2021இல் போஷன் டிராக்கர் என்ற செயலி வந்தது. பதிவேடு எழுதும் வேலை குறையும் என்றார்கள், சிலவற்றில் குறையவும் செய்தது. எடை குறைந்த பிள்ளை யார் என்று உடனே தெரிவது நல்ல காரியம், அதை மறுக்கவில்லை. ஆனால் செயலி நோட்டைப் போல மதியம் வரை காத்திருக்காது. மையம் திறந்ததை, வந்த பிள்ளைகளை, கொடுத்த உணவை அன்றன்றைக்கே ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்கிற மூலையைத் தேடி நிற்க வேண்டும். 2025 ஜூலை முதல், வீட்டுக்குக் கொடுக்கிற சத்துமாவுக்கு வாங்குபவரின் முகத்தைப் படம்பிடித்துச் சரிபார்ப்பது கட்டாயமானது. முகம் ஒத்துப்போகாவிட்டால் மறுபடி, மறுபடி. இதற்கிடையில் 2023 மே மாதம் ‘போஷன் பீ படாய் பீ’ என்று ஒன்றிய அரசு அறிவித்தது. ஊட்டச்சத்தோடு படிப்பும் என்று பொருள். அதன்படி நாள்தோறும் குறைந்தது 2 மணி நேரம் முன்பருவக் கல்வி நடக்க வேண்டும். அறிவிப்பை மனமார வரவேற்கிறேன். அந்த 2 மணி நேரத்துக்கு யார் உட்காருவது என்பதற்கு மட்டும் அதில் ஏற்பாடு இல்லை.

ஆள் கூட்டினால் உண்மையிலேயே பலன் இருக்குமா, இருக்கிறவர்களே வேலையைத் தட்டிக்கழிக்க அது வழியாகிவிடாதா என்ற கேள்வி நிர்வாகிகளிடமிருந்து வரும். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு ஊகத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை, தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியல் ஆய்வாளர்கள் இங்கே 640 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் தேர்ந்த ஒரு பகுதி மையங்களில் மட்டும் முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக வைத்தார்கள். பதினெட்டு மாதம் கழித்து இரண்டு வகை மையங்களையும் ஒப்பிட்டார்கள். பழைய டீச்சர் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்வதையும் கழித்துப் பார்த்த பிறகே, பிள்ளைகளுக்குக் கிடைத்த கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்காகியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் அந்தப் பிள்ளைகள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு முடிவு. கூடுதல் ஆள் இருந்த மையங்களில் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவுள்ள பிள்ளைகளும் குறைந்திருந்தார்கள். அந்த ஆளை வைத்தது படிப்புக்காக. பிள்ளைகளின் உடம்பும் தேறியது. வேலையில் இருப்பவர்களுக்கு இதில் அதிசயம் இல்லை. பாயில் ஒருவர் இருந்தால்தான் மற்றவர் எடையைச் சரியாகப் பார்ப்பார், இளைத்துப்போன பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பேசுவார்.

ஆகவே முதலில் சோறு, பிறகு படிப்பு என்ற பழைய வாதம் இன்று நிற்காது. சோறும் படிப்பும் போட்டி போடுவது ஒரே ஆள் இரண்டையும் தூக்குகிற வரைக்கும்தான். செலவைச் சொல்லி மறுப்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 54,439 மையங்கள். இன்று புதிதாகச் சேரும் அங்கன்வாடிப் பணியாளரின் தொடக்க ஊதியம் 7,700 ரூபாய். அரைநாள் ஆளுக்கு அதையே முழுதாகக் கொடுத்தாலும் ஆண்டுக்குச் சுமார் 503 கோடி ரூபாய் ஆகும். ஆண்டுக்கு 4 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் செலவிடுகிற மாநிலத்தில் இது ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை.

அடுத்த மறுப்பு பெற்றோரிடமிருந்து வருகிறது, இது கனமானது. பால்வாடியில் எழுதச் சொல்லித்தருவதில்லை, இங்கிலீஷ் இல்லை, பக்கத்துத் தெரு எல்.கே.ஜி.யில் பிள்ளை ஏ முதல் இசட் வரை எழுதுகிறது, பிறகு ஏன் பால்வாடிக்கு அனுப்ப வேண்டும் என்பார்கள். மூன்றரை வயதில் பென்சிலைத் திணித்தால் விரல் நோகும், எழுத்து மேல் வெறுப்பு வரும் என்று நாம் சொல்வது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்வது போதாது. பெற்றோர் கேட்பதன் உள்ளே ஒரு நியாயமான ஆசை இருக்கிறது. அந்த நேரம் முழுக்க யாரோ ஒருவர் தன் பிள்ளையைக் கவனிக்கிறார் என்ற உறுதி அவர்களுக்கு வேண்டும். சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு எதையாவது கொண்டுவர வேண்டும், அது ஒரு பாட்டாக இருந்தாலும் சரி. பாயில் ஆள் இருக்கிற மையங்களில் பிள்ளைகள் கதையைக் கொண்டுபோய் வீட்டில் சொல்கிறார்கள், அங்கே பெற்றோரின் கேள்வியும் மெல்லக் குறைகிறது. ஆள் இல்லாத மையத்திலிருந்து பிள்ளை வெறுங்கையோடு போனால், நம் குழந்தை உளவியல் விளக்கத்தை யார் கேட்பார்கள்?

இப்படிப் பிள்ளைகள் விலகுவதன் விளைவை வெளியாட்கள் கவனிப்பதில்லை. முன்பெல்லாம் இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை எல்லாரும் ஒரே அறையில் இருந்தார்கள். பெரிய பிள்ளைகள் சின்னவற்றுக்குத் தட்டு எடுத்துக் கொடுக்கும், பாட்டைத் தப்பும் தவறுமாகச் சொல்லித்தரும், அழுகிற பிள்ளையின் கண்ணைத் துடைக்கும். டீச்சருக்கு அவர்கள் சம்பளமில்லாத உதவியாளர்கள். இன்று மூன்றரை வயது ஆனதும் எல்.கே.ஜி.க்குப் போய்விடுகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில், தனியார் பள்ளி எல்.கே.ஜி. சேர்க்கைக்கு அரசே கட்டணம் செலுத்துகிறது. அந்த ஒதுக்கீட்டை நான் குறை சொல்லவில்லை. ஏழைப் பிள்ளைக்குக் கிடைத்த வாசல் அது. ஆனால் அதே மூன்றரை வயதுக்குத் தன் சொந்த மையத்தில் ஓர் ஆளை வைக்க அரசுக்கு ஏன் மனம் வரவில்லை என்று கேட்கத்தான் தோன்றுகிறது. பெரியவர்கள் போனபின் மையத்தில் எஞ்சுவது இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகள். வருகைப் பதிவில் எண்ணிக்கை குறைந்திருக்கும், வேலை கூடியிருக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற அதிகாரிக்கு இது புரிவதில்லை.

பள்ளிக் கல்வித் துறையிடம் கொடுத்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். பெற்றோர் ஆவலோடு சேர்த்தார்கள். இடைநிலை ஆசிரியர்களை அங்கே பணியமர்த்தினார்கள். அவர்கள் படித்ததும் பழகியதும் பெரிய பிள்ளைகளுக்குக் கற்பிக்க. மூன்று வயதுப் பிள்ளை வகுப்பில் ஆடையை நனைத்துவிட்டால் என்ன செய்வது என்பது அவர்கள் பயிற்சியில் இல்லை. எதிர்ப்பு வந்தது, வழக்கு வந்தது. 2022இல் அந்த வகுப்புகளை அங்கன்வாடிக்கே திருப்புவதாக அறிவித்தார்கள். கண்டனம் எழுந்ததும் தொடர்வதாக அறிவித்தார்கள். இந்த இழுபறியில் இரண்டு உண்மைகள் தெரிகின்றன. அரசு இடத்திலேயே, அந்த நேரத்துக்கென்று ஆள் இருந்தால் பெற்றோர் வருகிறார்கள். அந்த ஆள் சின்னப் பிள்ளைகளோடு பழகத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அப்படிப் பழகியவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கன்வாடிகளில் இருக்கிறார்கள், அவர்கள் கைகள்தான் வேறு வேலைகளில் கட்டுண்டு கிடக்கின்றன.

பன்னிரண்டாம் வகுப்பு படித்தவரை ஆசிரியர் என்று எப்படிச் சொல்வது, இது மதிப்பூதிய வேலைதானே என்ற பேச்சும் உண்டு. 2006இல் கர்நாடக வழக்கு ஒன்றில், அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் ஆக மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் 2022 ஏப்ரலில் குஜராத் பணியாளர்கள் வழக்கில் அதே நீதிமன்றம் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. இது பகுதிநேர வேலை என்ற வாதத்தை ஏற்கவில்லை. முன்பருவக் கல்வி தருவதால் இவர்கள் கற்பிக்கும் பணியும் செய்கிறார்கள் என்று கல்வி உரிமைச் சட்டத்தையே எடுத்துக்காட்டிச் சொன்னது. ஒன்றிய அரசோ 2018 அக்டோபரில் மதிப்பூதியத்தில் தன் அளவை 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாய் ஆக்கியது. தமிழ்நாடு காலமுறை ஊதியம் கொடுப்பது பல மாநிலங்களைவிட மேல், அதைச் சொல்லியாக வேண்டும். படிப்பைப் பற்றிச் சொன்னால், பயிற்சி தேவைதான், இன்னும் நிறையத் தேவை. ஆனால் மேலே சொன்ன சோதனையில் பிள்ளைகளை முன்னேற்றியவர்கள் பெரிய பட்டதாரிகள் இல்லை. கவனம் சிதறாமல் உட்கார்ந்தவர்கள்.

ஆயாவைப் பற்றி ஒரு வார்த்தை. திட்ட ஆவணங்களில் உதவியாளர் என்று சமையலுக்கும் சுத்தத்துக்கும் ஒதுக்கப்பட்டவர், தொடக்க ஊதியம் 4,100 ரூபாய். பிள்ளைகள் கணக்கில் அவர் முதல் ஆசிரியர். வீட்டிலிருந்து மையத்துக்கு வருகிற வழியில் ஆடு, கோழி, டிராக்டர், யார் வீட்டு முருங்கை பூத்திருக்கிறது என்று பிள்ளையோடு பேசிக்கொண்டே வருகிறவர் அவர். அந்தப் பேச்சுக்கு எந்தப் பாடத்திட்டமும் ஈடாகாது. பாடத்தையும் டீச்சர் விட்டு, சமையலையும் ஆயா விட்டு ஒருவருக்கொருவர் ஓடி உதவித்தான் மையம் இன்று ஓடுகிறது. ஆயா இடம் காலியாக இருக்கிற மையத்தில் டீச்சரே அடுப்படியில் நிற்கிறார். அங்கே முன்பருவக் கல்வி என்ற சொல்லையே எடுக்கக் கூடாது.

முதல் வகுப்புக்குப் போனால் தானாகக் கற்றுக்கொள்ளும், இவ்வளவு எதற்கு என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் மூன்று வகுப்புகளில் படிக்கவும் எண்ணவும் தடுமாறுகிற பிள்ளைகளுக்காக 2022இல் தமிழ்நாடு ‘எண்ணும் எழுத்தும்’ என்று பெரிய இயக்கமே நடத்த வேண்டி வந்தது. கொரோனா அடைப்பு அதற்கு முதல் காரணம். ஆனால் பேச்சுப் பழக்கமும் விரல் பழக்கமும் இல்லாமல் ஒன்றாம் வகுப்புக்குள் வருகிற பிள்ளைகள் அதற்கு முன்பும் இருந்தார்கள். பாயில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே தெரிகிற வேறு விஷயங்களும் உண்டு. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது கேட்கவில்லையோ என்ற சந்தேகம், படத்தை மூக்கருகே வைத்துப் பார்க்கிற பிள்ளைக்குக் கண்ணில் குறையோ என்ற சந்தேகம், மூன்று வயதாகியும் சொற்கள் சேராத பிள்ளையைப் பற்றிய கவலை. ஆண்டுக்கு இரண்டு முறை மையத்துக்கு வருகிற மருத்துவக் குழு அரை நாள்தான் இருக்கும். எந்தப் பிள்ளையைக் குறிப்பாகப் பாருங்கள் என்று காட்டிக் கொடுக்க, மாதக்கணக்கில் அந்தப் பிள்ளையைப் பார்த்த கண் வேண்டும்.

நல்ல நாட்களைப் பற்றி நான் குறைவாகச் சொல்லிவிட்டேன். அவை சத்தமில்லாமல் வருகிறவை. மாதக்கணக்கில் மையத்தில் வாயே திறக்காத பிள்ளை ஒரு நாள் கதையின் நடுவே, அந்த நரி ஏன் அழலை என்று கேட்கும். ஒரே ஒரு சிவப்பு மூடிக்காக அடித்துக்கொண்ட இரண்டு பேர், நீ முதல்ல, நான் அப்புறம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். கால்சட்டையை நனைக்கிற பிள்ளை ஓடி வந்து விரலைக் காட்டும். இவை எல்லாம் கல்வி. இவற்றை எழுத எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை, எந்தச் செயலியிலும் பொத்தான் இல்லை. மேற்பார்வையாளர் வந்தால் இருப்பைப் பார்ப்பார், எடையைப் பார்ப்பார், போனைப் பார்ப்பார். பதிவாகாத வேலைதான் எப்போதும் முதலில் கைவிடப்படுகிறது, கைவிட்டது யாருக்கும் தெரிவதுமில்லை. அதனால்தான் டீச்சரின் நல்லெண்ணத்தை நம்பி இதை விட்டுவிடக் கூடாது, தனி ஆளும் தனி நேரமும் அரசாணையாகவே வேண்டும் என்கிறேன்.

வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலோ ஊரிலோ இருக்கிற அங்கன்வாடி மையத்துக்கு ஒரு வேலை நாளில் காலை பத்தரை மணிக்குப் போய்ப் பாருங்கள். சுவரில் வரைந்த படங்களையோ பாத்திரம் பண்டங்களையோ பார்க்க வேண்டாம். டீச்சர் எங்கே இருக்கிறார் என்று மட்டும் பாருங்கள். பாயில் பிள்ளைகளுக்கு நடுவே இருந்தால் வாசலிலேயே நின்றுவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடுங்கள். மேசையில் போனோடு இருந்தாலோ, அடுப்படியில் இருந்தாலோ, அவரிடம் ஒன்றும் கேட்காதீர்கள். உங்கள் ஊராட்சித் தலைவரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் போய், இந்த மையத்துக்கு இன்னொரு ஆள் எப்போது வருவார் என்று கேளுங்கள்.